ரேயோடு நின்றுவிட வேண்டாம்

வங்காளப் படம் என்று பேச்செடுத்தால் நம் ஆட்கள் சத்யஜித் ரே பெயரைச் சொல்லிவிட்டு அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள், எனக்கு அதில் ரொம்ப வருத்தம். கடந்த பத்துப் பன்னிரண்டு வருடங்களில் கொல்கத்தாவிலும் டாக்காவிலும் வந்த படங்களைப் பாருங்கள்.

ஆதித்ய விக்ரம் சென்குப்தாவின் ‘ஆஷா ஜாவர் மாஜே’யில் (2014) கணவனுக்கு இரவு வேலை, மனைவிக்குப் பகல் வேலை, இருவரும் பேசிக்கொள்வதே இல்லை, ஆனால் அரிசி, மீன், காயப்போட்ட துணி எல்லாவற்றிலும் ஒருவர்மேல் ஒருவருக்கு இருக்கும் அக்கறை தெரிகிறது. இங்கே சிங்கப்பூரில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் எந்தக் குடும்பத்துக்கும் அது புரியும்.

அப்புறம் பங்ளாதேஷ் இயக்குநர் அப்துல்லா முகமது சாத். இவருடைய கறுப்பு வெள்ளைப் படமான ‘லைவ் ஃப்ரம் டாக்கா’ 2016 சிங்கப்பூர் அனைத்துலகத் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநர் விருதை வாங்கியது, நம் ஊர்தான் முதலில் அடையாளம் கண்டது என்பதில் எனக்குப் பெருமை. அடுத்த படம் ‘ரெஹானா மரியம் நூர்’ 2021இல் கான் விழாவின் அதிகாரபூர்வத் தேர்வுக்குப் போன முதல் பங்ளாதேஷ் படம், அதன் தயாரிப்பாளர் ஒரு சிங்கப்பூரர். மருத்துவக் கல்லூரிக் கட்டடத்தை விட்டுக் கேமரா வெளியே வருவதே இல்லை, ரெஹானாவாக வரும் அஸ்மேரி ஹக் பாந்தோனின் பிடிவாதம் நம்மையும் மூச்சுமுட்ட வைக்கிறது.

தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில், ஞாயிற்றுக்கிழமை நம் பக்கத்தில் நிற்கும் பங்ளாதேஷ் தம்பிகளின் மொழி இது. சப்டைட்டிலோடு ஒன்றாவது பாருங்கள், முதலில் ‘ரெஹானா’.