ஒரே பொத்தானில் மூன்று வாத்தியம்: அக்கார்டியன் குறிப்புகள்

2024 நவம்பர் 12, செவ்வாய்

மழை விடுவதாக இல்லை. இந்த ஈரத்தில் பழைய இத்தாலிய அக்கார்டியனைப் பெட்டியிலிருந்து எடுக்கவே யோசனையாக இருக்கிறது. ரீடுகளின் (காற்றில் அதிர்ந்து ஓசை தரும் உலோக நாக்குகளின்) மேல் ஒட்டியிருக்கும் தோல் சுருண்டால் சரிபண்ண ஆளைத் தேடி அலைய வேண்டும். அதனால் டிஜிட்டல்தான். ரோலண்ட் இந்த வி-அக்கார்டியன் வகையை 2004இல் கொண்டுவந்தது. உள்ளே ரீடே கிடையாது. பெல்லோஸை, அதாவது காற்றுத் துருத்தியை, எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை ஒரு சென்சார் அளக்கிறது, மீதியெல்லாம் கணக்கு.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வெந்து காலத்தின் முதல் ஞாயிறுக்கு ஆர்கன், வயலின் கூட்டம், ஓபோ என்ற ஊதுகுழல் மூன்றும் வேண்டும் என்று பாடகர் குழு அண்ணன் கேட்டிருக்கிறார். வாசிக்க ஆள் இல்லை. என்னிடம் ஒரு பழைய சவுண்ட் மாட்யூல் (கட்டை இல்லாமல், வேறு கருவி சொல்வதைக் கேட்டு ஒலிக்கும் பெட்டி) சும்மா கிடக்கிறது. அக்கார்டியனில் குரலை மாற்றும் ரிஜிஸ்டர் பொத்தானைத் தட்டினால் மாட்யூலில் சத்தம் மாற வேண்டும், அவ்வளவுதான் திட்டம்.

இரண்டையும் இணைப்பது மிடி, மின்னணு வாத்தியங்கள் ஒன்றோடொன்று பேசும் முறை. பலர் நினைப்பதுபோல் மிடி கேபிளில் ஓசை எதுவும் போவதில்லை. எந்தக் கட்டையை எவ்வளவு வேகமாக அமுக்கினோம், எந்த எண்ணுள்ள சத்தம் வேண்டும் என்ற தகவல்தான் போகிறது. சத்தத்தைக் கூப்பிட மூன்று செய்தி: கண்ட்ரோல் 0, கண்ட்ரோல் 32 (இந்த இரண்டும் சேர்ந்து எந்த பேங்க், அதாவது எந்தச் சத்தத் தொகுப்பு, என்று சொல்லும்), கடைசியில் அதில் எத்தனையாவது சத்தம் என்று சொல்லும் புரோகிராம் சேஞ்ச். வரிசை மாறக்கூடாது. பேங்க் செய்தி வந்ததும் மாட்யூல் சத்தத்தை மாற்றாது. அதைக் குறித்து வைத்துக்கொண்டு புரோகிராம் எண்ணுக்குக் காத்திருக்கும்.

நவம்பர் 14, வியாழன்

இன்று முழுக்க எண்கள். எந்த எண்ணுக்கு எந்தச் சத்தம் என்று பொதுவாக வகுத்து 1991இல் வந்த ஜெனரல் மிடி பட்டியலில் 20 சர்ச் ஆர்கன், 21 ரீட் ஆர்கன், 22 அக்கார்டியன், 49 வயலின் கூட்டம், 69 ஓபோ. பட்டியல் 1இலிருந்து 128 வரை எண்ணுகிறது. கம்பியில் போவதோ 0 முதல் 127. ஒரு கருவியின் திரை முதல் கணக்கையும் இன்னொன்று இரண்டாவதையும் காட்டினால், ஒன்று தள்ளித்தான் விழும். சர்ச் ஆர்கனுக்கு 20 போட்டேன். கால்மிதி போட்ட பழைய கோயில் ஹார்மோனியம்போல ரீட் ஆர்கன் வந்து நின்றது. கேட்க நன்றாகத்தான் இருந்தது, அண்ணன் கேட்டது அதுவல்ல. 19 போட்டதும் சரி.

பேங்க் விஷயத்தில் கம்பெனிக்குக் கம்பெனி வேறு வழக்கம். ஒருவர் முதல் எண்ணில் பிரிப்பார், இன்னொருவர் இரண்டாவதில். இதில் ஊகம் செல்லாது. மாட்யூலின் கையேட்டுக் கடைசியில் இருக்கும் அட்டவணைதான் வேதம்.

நவம்பர் 19, செவ்வாய்

எனக்குப் பிடித்த பகுதி இதுதான். பெல்லோஸ் அழுத்தம் கண்ட்ரோல் 11ஆக, அதாவது சத்தத்தை ஏற்றி இறக்கும் எக்ஸ்பிரஷனாக வெளியே போகிறது. ஓபோவில் அதைக் கேட்க வேண்டும்! கீபோர்டில் எத்தனை வருடம் தலைகீழாக நின்றாலும் வராத மூச்சு, இங்கே இடது கை இழுக்கும் இழுப்பில் தானாக வருகிறது. வயலின் கூட்டமும் அப்படியே. மெல்லத் தொடங்கி, கீர்த்தனையின் சரண முடிவில் அழுத்தினால் இருபது பேர் வில் இழுப்பதுபோல் எழும்புகிறது.

ஆர்கனுக்கு இது ஆகாது. பெல்லோஸ் திசை மாறும்போதெல்லாம் ஆர்கன் விசும்புகிறது. ஒரே மிடி கேபிளில் தனித்தனித் தடங்களாகப் போகிறவைதான் சேனல்கள். மாட்யூலில் ஆர்கனின் சேனலுக்கு மட்டும் எக்ஸ்பிரஷனை வாங்காதே என்று அணைத்து வைத்தேன். பியானோ வைப்பதானாலும் இதே வழிதான். பெல்லோஸ் அசையாவிட்டாலும் அதில் கட்டை பட்டவுடன் சத்தம் வர வேண்டும்.

இடது கையும் சும்மா இல்லை. பேஸ் (கீழ் சுரம்) ஒரு சேனல், கார்டு (சுரக்கூட்டு) இன்னொரு சேனல். ஒரு கார்டு பொத்தானைத் தொட்டால் மூன்று சுரம் சேர்ந்து போகிறது. பேஸுக்கு டபுள் பேஸ் சத்தம் கொடுத்தேன். பேஸ் பொத்தான்களில் பன்னிரண்டு சுரம்தான், ஒரே ஸ்தாயி. ஏறிக்கொண்டே போகிற பேஸ் நடை ஓரிடத்தில் பொத்தென்று கீழே விழும். ரீட் அக்கார்டியனில் மேல் ஸ்தாயி ரீடும் கூடவே ஒலிப்பதால் இது காதில் படாது. டபுள் பேஸில் அப்பட்டமாகத் தெரிகிறது. அந்த இரண்டு இடத்திலும் நடையையே மாற்றி எழுதிவிட்டேன்.

நவம்பர் 24, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் ஒத்திகை. கீபோர்டு தம்பி பரீட்சைக்கு நடுவில் ஓடி வந்திருந்தான். மாட்யூலின் த்ரூவிலிருந்து (வந்த செய்தியை அப்படியே வெளியே கடத்தும் துளை) அவன் கீபோர்டுக்கும் ஒரு கேபிள் போட்டோம். இரண்டாம் பாட்டில் நான் ரிஜிஸ்டர் தட்டியதும் அவன் கத்தினான்: “அண்ணே, நான் பியானோ வாசிச்சா ஓபோ வருது!” அவன் கீபோர்டு எல்லா சேனலையும் கேட்கும் ஆம்னி நிலையில் இருந்திருக்கிறது. 16ஆம் சேனலை மட்டும் கேள் என்று வைத்தோம். அந்த சேனலுக்கு நான் அனுப்பினால்தான் அவனுக்கு மாறும். போதகர் ஐயர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அக்கார்டியனின் சொந்தக் குரலை மட்டும் பாஸூன் என்ற ரிஜிஸ்டரிலிருந்து மியூசெட் என்ற ரிஜிஸ்டருக்கு மாற்ற நினைத்தாலும் எண் வெளியே போய்விடுகிறது. ஆர்கனுக்கு நான் ஒதுக்கிய சேனலில் மாட்யூல் புரோகிராம் சேஞ்சையே வாங்காதபடி செய்துவிட்டேன். நான் எதைத் தட்டினாலும் ஆர்கன் இனி ஆர்கனாகவே இருக்கும்.

நவம்பர் 28, வியாழன்

சுரம் நீண்டு ஒலிக்கும்போது சத்தத்தை மாற்றினால் என் மாட்யூல் அந்தச் சுரத்தை வெட்டிவிடுகிறது, எதிரொலியின் வாலோடு சேர்த்து. குற்றம் மிடியினுடையது அல்ல. நொடிக்கு 31,250 பிட் போகிறது, பேங்க் இரண்டும் புரோகிராமும் சேர்ந்து எட்டு பைட்டுதான், மூன்று மில்லிநொடிகூட ஆகாது. புதிய சத்தத்தையும் அதன் எஃபெக்டையும் எடுத்து வைக்க மாட்யூல்தான் நேரம் கேட்கிறது.

வழி இரண்டு. ஒன்று, பாடுகிறவர்கள் மூச்சு வாங்கும் இடத்தில் பொத்தானைத் தட்டுவது. இன்னொன்று, ஓபோவையும் வயலினையும் தனித்தனி சேனலில் முன்கூட்டியே ஏற்றி வைத்துவிட்டு, வாசிப்பை எந்த சேனலுக்கு அனுப்புவது என்பதை மட்டும் மாற்றுவது. அப்போது பழைய சுரம் அணையும்வரை ஒலித்துக்கொண்டிருக்கும். இரண்டாவதுதான் அழகு. ஆனால் ஞாயிறுக்குள் அதை ஒழுங்குபடுத்த நேரமில்லை, மூச்சு வாங்கும் இடங்களைத் தாளில் பென்சிலால் குறித்துக்கொண்டேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

நடந்தது. ஓபோ வந்த இடத்தில் முன்வரிசை அம்மாமார் இரண்டு பேர் யார் வாசிக்கிறார்கள் என்று திரும்பித் திரும்பித் தேடினார்கள். ஆர்கன் சற்று உரக்கத்தான் இருந்தது. அடுத்த வாரம் ஆர்கன் சேனலின் வால்யூமை, கண்ட்ரோல் 7ஐ, 100இலிருந்து 80க்கு இறக்க வேண்டும்.

கேரல் ரவுண்ட்ஸுக்கு மாட்யூலைத் தெருத்தெருவாகச் சுமக்க முடியாது. அதற்கு மிடி அனுப்புவதை மொத்தமாக அணைத்துவிட்டு, மியூசெட் ஒன்றே போதும் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். பேட்டரிக்கு மட்டும் ஒரு உபரி செட் வாங்க வேண்டும்.