குவீன்ஸில் ஒரு 'எ'

கணவரோ மனைவியோ வேலை விசாவில் வர, கூடவே எச்-4 என்ற துணை விசாவில் அமெரிக்கா வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், பகல் எவ்வளவு நீளம் என்று சொல்வார்கள். கணவர் காலையிலேயே கிளம்பிவிடுவார். எனக்கு வேலை பார்க்க அனுமதி இல்லை. நியூயார்க்கின் 7-ஆம் எண் ரயில் குவீன்ஸில் பெரும்பாலும் தூண்களுக்கு மேலே ஓடுகிறது. பொழுது போகாவிட்டால் அதில் ஏறிக் கதவோரமாக நின்றுகொள்வேன். கிடங்குகளின் பின்சுவர், மொட்டைமாடி, கடை ஷட்டர் என்று கண்ணுக்கு எட்டிய இடமெல்லாம் எழுத்து. எல்லாம் ஆங்கிலம்தான், ஆனால் ஒன்றையும் வாசிக்க முடியாது. நாலு கோடு நோட்டில் அழகாக எழுதிப் பரிசு வாங்கியவளுக்கு அது கொஞ்சம் எரிச்சலாகவே இருந்தது.

வீட்டுப் பக்கத்து நூலகத்தில் கிராஃபிட்டி என்கிற இந்தச் சுவரெழுத்துக்கு இலவச வகுப்பு என்று ஒட்டியிருந்தார்கள். போனால், சொல்லித்தருபவர் அறுபது தாண்டியவர், இளவயதில் ரயில் பெட்டிகளில் எழுதியவர். "ஓவியர்" என்றால் முகம் சுளிப்பார். அந்த உலகத்தில் எல்லாருமே 'ரைட்டர்'தான். பெயர் எழுத ஆசைப்பட்டவர்களிடம் எல்லாம் ஒரே ஓர் எழுத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். எனக்கு வந்தது 'ஆர்'.

முதலில் டேக், அதாவது கையெழுத்து மாதிரி வேகமாகப் போடுவது. மார்க்கரைத் தூக்காமல் ஒரே இழுப்பில் முடியவேண்டும். பார்க்கக் கிறுக்கல் மாதிரி இருக்கும், இருப்பதிலேயே கஷ்டம் இதுதான். தயங்கினால் கோடு நடுங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். அடுத்தது 'பபிள்'. 1970-களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஃபேஸ் 2 என்ற ரைட்டர் கொண்டுவந்த பாணி. காற்றடைத்த பலூன் போல எழுத்து உப்பும்போது, 'ஆர்' எழுத்தின் வயிற்றில் இருக்கும் ஓட்டை நசுங்கி ஒரு சின்னக் கீறலாகிவிடுகிறது. அந்தக் கீறலை எங்கே விடுகிறோம் என்பதில்தான் எழுத்து சிரிக்கிறதா தூங்குகிறதா என்பது இருக்கிறது. பிளாக் எழுத்துக்கு வளைவே கிடையாது. ஒவ்வொரு கோட்டையும் அகலமான பட்டையாக நினைத்து அடுக்கவேண்டும். நிழல் வைப்பதென்றால் ஒரு திசையை முடிவு செய்துகொண்டு, கடைசி மூலை வரை அதை மாற்றக்கூடாது.

அவரிடம் ஒரு சோதனை உண்டு. எழுத்தின் ஒரு பகுதியைக் கட்டைவிரலால் மூடிவிட்டு, இப்போது என்ன தெரிகிறது என்பார். 'ஆர்' எழுத்தின் காலை மூடினால் அது 'பி' (P). ஆக, கால்தான் உயிர். மற்றதை என்ன வேண்டுமானாலும் பண்ணலாம், காலைத் தொலைக்கக்கூடாது. அம்புகள் பாய்ந்து, எழுத்துகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கிடக்கும் வைல்ட் ஸ்டைலிலும் அந்தக் கால் எங்கோ ஒளிந்திருக்கும். இது பிடிபட்ட பிறகு ரயிலிலிருந்து பார்க்கும் சுவர்கள் மெல்ல மெல்ல வாசிக்க வந்தன. முதலில் ஓர் எழுத்து, பிறகு ஒரு பெயர்.

பெயர்தான் இங்கே எல்லாமே. நியூயார்க்கின் வாஷிங்டன் ஹைட்ஸ் பகுதியில் 183-ஆம் தெருவில் வசித்த கிரேக்க வம்சாவளிப் பையன் ஒருவன், வேலைக்காக நகரமெங்கும் சுற்றும்போது 'டாக்கி 183' என்று எழுதிக்கொண்டே போனான். 1971 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் அதைச் செய்தியாகப் போட்டதும் ஊரே எழுதத் தொடங்கிவிட்டது. பெயரும் தெரு எண்ணும், அவ்வளவுதான். வாடகை ஒப்பந்தத்திலும் மின்கட்டண ரசீதிலும் என் பெயர் இல்லாத அந்த நாட்களில் இந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அதற்காக நான் சுவரில் கைவைக்கவில்லை! உரிமையாளர் அனுமதியில்லாமல் எழுதினால் நியூயார்க் சட்டப்படி குற்றம், விசாவில் இருப்பவளுக்கு அந்த விளையாட்டே வேண்டாம். அனுமதியோடு எழுதிய சுவருக்கும் ஆயுள் கெட்டியில்லை. இதே குவீன்ஸில், இதே ரயிலிலிருந்து தெரிந்த, சுவரெல்லாம் கிராஃபிட்டி நிறைந்த 5 பாயிண்ட்ஸ் கட்டடத்தை 2013 நவம்பரில் ஓர் இரவோடு இரவாக வெள்ளையடித்தார்கள். எழுதியவர்கள் வழக்குப் போட்டு, 2018-இல் 67.5 லட்சம் டாலர் இழப்பீட்டுக்குத் தீர்ப்பு வாங்கினார்கள். இன்று அங்கே நிற்பது அடுக்குமாடி.

நோட்டுப் புத்தகத்தில் 'ஆர்' அலுத்ததும் 'எ' போட்டுப் பார்த்தேன். வாத்தியாருக்குத் தமிழ் தெரியாது, இருந்தும் ஆர்வமாகக் கட்டைவிரலை வைத்தார். சோதனை இங்கே தலைகீழாகிவிட்டது. ஆங்கில எழுத்தில் எதை எடுத்தால் கெடும் என்று பார்க்கவேண்டும், 'எ'வில் எதைச் சேர்த்தால் கெடும் என்று பார்க்கவேண்டும். வழக்கப்படி அடியில் ஓர் அம்பைச் சாய்த்து இழுத்தால் அது 'ஏ' ஆகிவிடும். அலங்காரத்துக்கு ரைட்டர்கள் தலைக்கு மேலே வைக்கிற குமிழோ நட்சத்திரமோ தமிழ்க் கண்ணுக்குப் புள்ளி. இதை விளக்கியபோது அவர் கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, அப்படியானால் கீழும் மேலும் பூட்டு, பக்கவாட்டில் போ என்றார்.

இப்போது அம்பு இடப்பக்கச் சுழியிலிருந்து கிளம்புகிறது. பபிளில் சுழியின் ஓட்டை அழகாக நசுங்குகிறது, வலப்பக்க நெடுங்கோடு மட்டும் இன்னும் விறைப்பாகவே நிற்கிறது. அதைக் கொஞ்சம் வளைத்தாலும் 'ஏ'வின் வாடை வந்துவிடுகிறது என்பதால், அடிப்பகுதியை மட்டும் தட்டையாக வெட்டிப் பிளாக் பாணியில் விட்டிருக்கிறேன். அடுத்து 'ஒ'. அதில் சுழிக்கிற இடமெல்லாம் ஆபத்து.