உப்பு ஜாடியும் மாரியோவும்

எங்கள் வீட்டு டிவி கேமில் மாரியோ மெதுவாகத்தான் ஓடுவான். அது எனக்குத் தெரியவே இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று.

1996-ல் மாமா சென்னை பர்மா பஜாரிலிருந்து ஒரு டிவி கேம் வாங்கி வந்தார். கோத்தகிரியில் எங்கள் லைன் வீட்டு வரிசையிலேயே அதுதான் முதல். மேலே ஏதோ பெயர் ஒட்டியிருந்தது. உள்ளே இருந்தது, நின்டெண்டோ 1983-ல் ஜப்பானில் விட்ட ஃபேமிகாமின் நகல். ஜப்பான் டிவியில் படம் நொடிக்கு 60 தடவை மாறும், நம் ஊர் டிவியில் 50. அந்தக் கேம்களோ படத்துக்கு ஓர் அடி என்று கணக்கு வைத்து எழுதப்பட்டவை. 60 அடி வைக்க வேண்டியவன் இங்கே 50 அடி வைப்பான். பாட்டும் அவனோடு சேர்ந்து இழுத்துக்கொண்டே வரும். ஜப்பான் பையன் ஐந்து நிமிடத்தில் முடிப்பதை நாங்கள் ஆறு நிமிடம் ஆடியிருக்கிறோம்.

போன வருடம் பெங்களூரிலிருந்து சித்தி மகன் வந்தான். ராஸ்பெர்ரி பை என்ற கையகலக் கம்ப்யூட்டரில் ஆயிரக்கணக்கில் கேம் ஏற்றி வைத்திருந்தான். "அண்ணா, இதை வெச்சு ஒரு ஆர்கேட் பெட்டி பண்ணிடுங்க" என்றான். காசு போட்டு ஆடும் கேம் பெட்டி மாதிரி. ஆடிப் பார்த்தேன். முதல் பள்ளத்திலேயே விழுந்தேன். மாரியோ பேய் பிடித்தவன் மாதிரி ஓடுகிறான், என் கட்டைவிரலோ பழைய கணக்கில் காத்திருக்கிறது. "செட்டிங்ல 50 வெச்சுக்கலாம்ணா" என்றான். வைக்கலாம்தான். கேம் துப்பாக்கிக்கு என்ன செய்வான்? வாத்து சுடும் கேமில் விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் மின்னும். துப்பாக்கி முனையில் இருக்கும் கண் அந்த வெளிச்சத்தைத்தான் தேடுகிறது. எல்சிடி டிவியில் அது தாமதமாக வந்து சேரும், வாத்து தப்பித்துவிடும். பெட்டி செய்வதென்றால் பிக்சர் டியூப் வைத்த பழைய குண்டு டிவிதான் வேண்டும். பரணில் கிடந்த பழைய மெஷினைக் கீழே இறக்கினேன்.

டிவி கோவை உக்கடத்தில் ஒரு பழைய சாமான் கடையில் கிடைத்தது. 14 இன்ச், மஞ்சள் ஏவி சாக்கெட் உள்ளது. மேட்டுப்பாளையத்தில் பஸ் மாறி, குஞ்சப்பனை வளைவுகளில் எல்லாம் அதைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "இதைக் கீழ கொண்டு போறவங்களைத்தாங்க பார்த்திருக்கேன்" என்றார்.

ஒரு வாரம் நன்றாக ஓடியது. பிறகு ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கோத்தகிரி கிழக்குச் சரிவு, எங்களுக்கு அதுதான் கெட்ட மழை. ராத்திரி டிவியைப் போட்டால் பின்னாலிருந்து "உஸ்ஸ்" என்று ஒரு சத்தம். விளக்கை அணைத்துப் பார்த்தால் உள்ளே நீலமாகப் பொரிகிறது. மார்க்கெட் பக்கம் ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். குண்டு டிவியைத் திறக்க ஊரில் மிஞ்சியவர் அவர் ஒருவர்தான். நான் மூடியைக் கழற்றப் போனதும் கையைத் தட்டிவிட்டார்.

"ஆஃப்ல இருந்தாலும் அடிக்கும் தம்பி. உள்ள போறது இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல."

ஸ்க்ரூடிரைவரில் ஒயரைச் சுற்றி, மறுமுனையைப் பிக்சர் டியூப்பின் எர்த் கம்பியில் மாட்டி, ரப்பர் தொப்பிக்கு அடியில் நுழைத்தார். டப்பென்று ஒரு வெடி. அப்புறம்தான் தொட்டார். தொப்பியைச் சுற்றித் தூசியும் ஈரமும் பசை மாதிரி படிந்திருந்தது, கரண்ட் அதன் வழியாகத்தான் கசிந்திருக்கிறது. ஸ்பிரிட்டில் துடைத்து, காயவைத்து, சிலிக்கான் கிரீஸ் தடவினார். "பீரோவுல பட்டுச்சேலைக்கு பல்பு போடுவீங்கல்ல, அதையே இதுக்கும் போடுங்க" என்றார். பெட்டியின் மொத்த வடிவமும் அந்த ஒரு வார்த்தையில் மாறிவிட்டது.

ஆசாரி அண்ணனிடம் போனபோது கீழே ஒரு அறை, நடுவில் ஓட்டை போட்ட தட்டு, மேலே டிவி என்று வரைந்துகொண்டு போனேன். கீழே 15 வாட் குண்டு பல்பு, சூடு மேலே ஏறும். (எல்இடி உதவாது, சூடே வராது. குண்டு பல்புக்கு நாலு கடை ஏறி இறங்கினேன்.) அப்பா ஃபேக்டரியிலிருந்து கொண்டு வந்த பழைய தேயிலைப் பெட்டிப் பலகைகள் வீட்டில் இருந்தன. அதிலேயே செய்துவிடலாம் என்று எனக்கு ஆசை. ஆசாரி ஒரு பலகையை விரலால் வளைத்துக் காட்டினார். "நாலு மில்லிங்க இது. நீங்க குத்துற குத்துக்கு நிக்குமா?" கடைசியில் 18 மில்லி பிளைவுட்டில் உடம்பு, பின்கதவு மட்டும் தேயிலைப் பலகை. கறுப்பு மையில் அச்சடித்த எழுத்துகள் அதில் இன்னும் அரைகுறையாகத் தெரிகின்றன.

ஒயர் வேலை நான் பயந்த அளவுக்கு இல்லை. கூட வந்த ஜாய்பேடைத் திறந்தேன். மெஷினுக்குப் போவது ஐந்தே ஒயர். சிப் கறுப்புப் பசைக்குள் புதைந்து கிடக்கிறது, அதைத் தொட வேண்டியதில்லை. ஒவ்வொரு ரப்பர் பட்டனுக்குக் கீழேயும் இரண்டு கார்பன் தடங்கள். ஒன்று எல்லாவற்றுக்கும் பொது எர்த், மற்றது அந்த பட்டனுக்கு உரியது. செம்புத் தடத்தைச் சுரண்டி ஒயரைப் பற்றவைத்து, பெட்டியின் புது ஜாய்ஸ்டிக்கில் இருக்கும் சின்ன சுவிட்சுகளுக்கு இழுத்தேன். இடதும் வலதும் மாறிப்போனதில் ஒரு சாயங்காலம் வீண்.

கேம் கேசட்டின் 60 பின்னும் பச்சை பூத்திருந்தன. சின்ன வயதில் ஊதி ஊதி மாட்டுவோம். வாய் ஈரம்தான் பின்னைக் கெடுக்கும் என்று பிறகு தெரிந்தது. எங்கள் ஊரில் நாம் ஊதாவிட்டாலும் மூடுபனி ஊதிவிடும். பென்சில் அழிப்பானால் தேய்த்ததும் ஓடிவிட்டது.

ஆர்கேட் பெட்டி என்றால் காசு போடும் கதவு வேண்டும் என்று பிடிவாதமாக முன்பக்கம் ஒரு சின்னக் கதவு வைத்தேன். வேலை முடிந்ததும் அம்மா வந்து பார்த்தார். மேலே படம் ஓடுவதைக் கவனிக்கவேயில்லை. அந்தக் கதவுக்குள் கையை விட்டு, "இங்க சூடு வருதே" என்றார்.

மறுநாள் காலையில் உப்பு ஜாடி, தீப்பெட்டி, அப்பாவின் கம்பளிக் குல்லா மூன்றும் பல்புக்குப் பக்கத்தில் இருந்தன. நேற்று நான் கடைசிக் கோட்டைக்குள் போய்க்கொண்டிருந்தேன். "தள்ளு சாமி" என்று குனிந்து கதவைத் திறந்தார். ரசத்துக்கு உப்பு போதவில்லையாம்.