நனைக்காத கிழங்கையும் கணக்கில் எடுங்கள்

மென்அழுகல் பிடித்த உருளைக்கிழங்கை ஒருமுறை கையில் எடுத்தவர்களுக்கு அந்த நாற்றம் மறக்காது. தோல் முழுசாகத்தான் தெரியும். லேசாக அழுத்தினால் விரல் உள்ளே இறங்கிவிடும். பெக்டோபாக்டீரியம் என்ற பாக்டீரியா சுரக்கும் நொதிகள், செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டினைக் கரைத்துவிடுகின்றன. கிழங்கு கூழாகிறது. அதிலிருந்து வடியும் நீர் பட்ட கிழங்குகளும் அடுத்தடுத்து அழுகும்.

பயிர் நோயியல் ஆய்வகத்தில் இந்த நோய்க்குத் தாவரச் சாறுகளைச் சோதிப்பது என் பணி. பூண்டில் அல்லிசின், கிராம்பில் யூஜெனால், ஓமத்தில் தைமால் என்று பாக்டீரியாவை எதிர்க்கும் வேதிப்பொருள்கள், நல்ல ஆயுதங்கள், நிறையவே இருக்கின்றன. முழுப் பூண்டில் அல்லிசின் கிடையாது, நசுக்கும்போதுதான் உண்டாகிறது. 1944-இல் கவலிட்டோ, பெய்லி என்ற ஆய்வாளர்கள் அதைப் பிரித்தெடுத்தார்கள். சீக்கிரம் சிதைந்துவிடும் பொருள் என்பதால் சாறு எடுத்த கையோடு சோதித்துவிட வேண்டும்.

பாக்டீரியா பரப்பிய தட்டில் சாறு நனைத்த காகித வில்லையை வைத்தால், மறுநாள் அதைச் சுற்றிப் பாக்டீரியா வளராத தெளிவான வளையம் தெரியும். புதிதாக வரும் மாணவர்கள் அதைப் பார்த்ததும் பூரித்துப்போவார்கள். நான் முதலில் கேட்பது, சாறு எடுக்கப் பயன்படுத்திய எத்தனாலை மட்டும் தோய்த்த வில்லை எங்கே என்றுதான். அதைச் சுற்றியும் வளையம் விழுந்திருந்தால் சாற்றைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. வளையம் சிறிதாக இருப்பதாலேயே கிராம்பு, ஓமம் போன்றவற்றின் எண்ணெயைத் தள்ளிவிடவும் கூடாது. தட்டில் பாக்டீரியா வளரும் அகார் என்ற ஈரமான கூழில் எண்ணெய் எளிதில் பரவாது.

தட்டை விட்டுக் கிழங்குக்கு வரும்போது பெரிய எதிரி தண்ணீர். சாற்றில் முக்கியெடுத்த கிழங்கின் மேல் ஈரப்படலம் நின்றால், தோலிலுள்ள மூச்சுத்துளைகள் அடைபட்டு உள்ளே ஆக்சிஜன் குறைகிறது. கிழங்கின் சொந்த எதிர்ப்பு தளர்ந்துவிடும். காற்றில்லாமலும் வாழத் தெரிந்த இந்தப் பாக்டீரியாவுக்கோ அதுவே வசதி. வெறும் தண்ணீரில் நனைத்த கிழங்கோடு மட்டும் ஒப்பிட்டால் சாறு எப்போதும் ஜெயித்ததுபோலத்தான் தெரியும். நனைக்கவே நனைக்காத, உலர்ந்த கிழங்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டையும்விட அது நன்றாக நின்றதை நான் பார்த்திருக்கிறேன். இந்த மூன்றாவது வரிசை இல்லாத சோதனையை நான் ஏற்பதில்லை.

அதனால்தான் ஆவியாகும் எண்ணெய்கள்மீது எனக்கு நம்பிக்கை அதிகம். கிழங்கை நனைக்காமலே மூடிய அறையில் ஆவியாகச் செலுத்தலாம். ஆனால் உள்ளே அழுகத் தொடங்கிவிட்ட கிழங்கை எந்தச் சாறும் மீட்காது. அறுவடைக் காயங்கள் ஆற 12 முதல் 15 டிகிரி செல்சியஸில், ஈரப்பதமுள்ள காற்றில், ஏறத்தாழ இரண்டு வாரம் வைத்திருப்பதுதான் முதல் மருத்துவம். சாறு அதற்குத் துணை.

இப்போது என்னை அதிகம் யோசிக்கவைப்பது முளைதான். கிராம்பு எண்ணெய் முளையைக் கருக்கும். சமையலுக்குப் போகும் கிழங்கில் அது நல்லதே, வாசனை தங்குகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். விதைக்கிழங்கில் வாசனை பொருட்டல்ல, ஆனால் முளை போனால் விதையே போச்சு. ஆகவே விதைக்கு எந்த அளவைப் பரிந்துரைப்பதானாலும், அழுகலை எண்ணுவதோடு அந்தக் கிழங்குகளை நட்டு முளைப்பையும் பார்த்த பிறகே எழுதித் தருகிறேன்.