ஓடி ஓடி வாங்கிய ஓ.டி.

எங்கள் கல்லூரியில் வருகைப்பதிவு 75 சதவீதம் இல்லையென்றால் செமஸ்டர் எழுத முடியாது. மூன்றாவது செமஸ்டர் முடியும்போது என்னுடையது 71. கட் அடித்துவிட்டுப் படத்துக்குப் போயிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். நான் போனதெல்லாம் மைதானத்துக்கும் என்.எஸ்.எஸ். என்கிற நாட்டு நலப்பணித் திட்ட வேலைக்கும்.

நான் ஓடுவது 400 மீட்டர் தடை ஓட்டம். இரண்டரை அடி உயரத்தில் பத்துத் தடைகள், ஒவ்வொன்றுக்கும் நடுவே 35 மீட்டர். 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸில் பி.டி. உஷா ஓடிய 55.42 விநாடியை 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தொட்டவர் எங்கள் கோயம்புத்தூர் வித்யா ராம்ராஜ். நான் அதற்குப் பதினோரு விநாடி பின்னால் வருகிற ஆள். பல்கலைக்கழகப் போட்டிதான் என் ஒலிம்பிக்ஸ்.

என்.எஸ்.எஸ்.ஸில் இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் காட்ட வேண்டும். அதோடு ஏழு நாள் முகாம். முகாம் வந்து விழுந்தது போட்டிக்குப் பன்னிரண்டு நாள் முன்னால். ஏரிக்கு வரும் வாய்க்காலில் சீமைக்கருவேலம் வெட்டும் வேலை. மூன்றாம் நாள் செருப்பைத் துளைத்துக்கொண்டு வலது குதிகாலில் முள் ஏறி, உள்ளேயே முறிந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பாட்டி ஊக்கை நெருப்பில் காட்டி, “பல்லக் கடிச்சிக்க தாயி” என்று நோண்டி எடுத்தார். நான் உந்துவது அந்தக் காலில்தான். தடைக்குத் தடை 17 எட்டு வைப்பேன். ஒற்றைப்படை என்பதால் எப்போதும் இடது கால்தான் முன்னால் போகும். வலது குதிகால் ஊன்ற முடியாததால், ஏரிக்கரையில் கயிறு கட்டி, காலை மாற்றித் தாண்டப் பழகினேன். ஊர்ப் பிள்ளைகளுக்கு நல்ல வேடிக்கை.

இதற்கிடையே சாயங்காலம் முதலாம் ஆண்டுத் தங்கைகள் நாலு பேருக்குக் கணக்குச் சொல்லித்தருவேன். நால்வரும் என்னைப் போலத் தமிழ் மீடியம். ஒருத்தி, “தொகையிடல்னா தெரியும்க்கா, இன்டக்ரேஷன்னாதான் பயமா இருக்கு” என்றாள். ரெண்டும் ஒன்றுதான் என்றதும் அவள் முகம் போன போக்கை மறக்க முடியாது. போனிலாவது பேசி, முகாமிலிருந்தபோதும் இதை நான் விடவில்லை. நாளில் உட்கார்ந்து செய்கிற ஒரே வேலை அதுதான்.

சரி, 71க்கு வருவோம். கல்லூரி வேலையாகப் போன நாளுக்கும் வருகை கிடைக்க ‘ஆன் டூட்டி’, அதாவது ஓ.டி. கடிதம் கொடுக்க வேண்டும். நான் கொடுத்தவற்றில் இரண்டு எங்கேயோ காணாமல் போயிருந்தன. “நீ குடுக்கவே இல்லம்மா” என்றார்கள். பி.டி. சார், என்.எஸ்.எஸ். அலுவலர், வகுப்பு ஆலோசகர், துறைத் தலைவர் என்று மறுபடி நாலு கையெழுத்து. ஒருவர் இருந்தால் இன்னொருவர் லீவு. தடை ஓட்டத்தில்கூட இவ்வளவு தாண்டியதில்லை. எனக்குக் கைகொடுத்தது அந்தத் தொகையிடல் பெண். ட்யூஷனுக்கு நடுவில் நான் மேஜைமேல் போட்டிருந்த கடிதங்களை, “இருக்கட்டும்க்கா” என்று அவள் படம் பிடித்து வைத்திருந்தாள். கையெழுத்து, தேதி எல்லாம் தெளிவாக இருந்தது. 77 ஆனது.

போட்டியில் எட்டாவது தடையை முட்டியால் இடித்து ஆறாவதாக வந்தேன். ஸ்பைக்ஸைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே அவளிடமிருந்து வாட்ஸப்: “ஓ.டி. லெட்டர் ஜெராக்ஸ் எடுத்துட்டீங்களாக்கா?”