அரிசிம்பருப்புக்கு வந்த மவுசு

கோவை அவிநாசி சாலையில் வரிசையாக முளைக்கும் கஃபேக்கள்தாம் பழைய மெஸ்களை ஒழித்துவிட்டன என்று நண்பர்கள் பலர் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு.

பீளமேடு, சிங்காநல்லூர்ப் பகுதி மெஸ்களில் பெரும்பாலானவை மில் சங்கை நம்பிப் பிழைத்தவை. 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் பஞ்சாலைகள் பெருகின; மூன்று ஷிப்டுக்கும் ஆள் மாறியதால் விடியுமுன்பே இட்லி வெந்தது, பற்று நோட்டில் எழுதிய கணக்கு சம்பள நாளில் தீர்ந்தது. பின்னர் ஆலைகள் ஒவ்வொன்றாக நின்றன. தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் ஆலைகளும் 2020 மார்ச் பொதுமுடக்கத்தோடு ஓய்ந்தன. 1910இல் தொடங்கப்பட்ட லட்சுமி மில்ஸ் வளாகத்தில் இன்று கடைகளும் உணவகங்களும் இருக்கின்றன. முதலில் போனவர்கள் சாப்பிட வந்தவர்கள். கஃபே வந்தது அதற்குப் பிறகுதான்.

மீதிப் பாதி, வாடகை. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை, நெடுநாள் கடை நடத்தியவரை அவ்வளவு எளிதில் காலி செய்யவைக்க முடியாது. அதற்கு மாற்றாக 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டமோ வாடகையை இரு தரப்பும் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தத்துக்கே விட்டுவிட்டது. சாப்பாட்டின் விலையில் பத்து ரூபாய் ஏற்றினாலே வாடிக்கையாளர் முகம் சுளிக்கும் மெஸ்காரர், குளிர்சாதன அறைக்கும் சேர்த்தே விலை வைக்கும் கஃபேக்காரரோடு அந்த ஒப்பந்தத்தில் எப்படிப் போட்டியிடுவார்?

இதில் வேடிக்கை, அரிசிம்பருப்புச் சாதத்தின் யோகம். துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகு போட்டு, வேறு எதுவும் செய்ய அலுப்பாக இருக்கும் இரவில் எங்கள் வீடுகளில் ஒரே பாத்திரத்தில் பொங்கி இறக்குவது அது. இப்போது பித்தளைக் கிண்ணத்தில், ‘கொங்குப் பாரம்பரியம்’ என்ற பெயரோடு வருகிறது. ருசியைக் குறை சொல்ல மாட்டேன், பூண்டைத் தாராளமாகவே போடுகிறார்கள். ஆனால் அதைச் சமைப்பவரும், பாத்திரம் துலக்குபவரும், வாசலில் பார்சலுக்குக் காத்திருக்கும் டெலிவரி இளைஞரும் தம் சம்பளத்தில் அங்கே உட்கார்ந்து உண்ண முடியாது. அவர்களுக்கு இருப்பவை பின்சந்துத் தள்ளுவண்டிகளும், இட்லியை 1 ரூபாய்க்குத் தரும் அம்மா உணவகமும்தான்.

ஆகவே கஃபேக்களைத் திட்டுவதைவிட, பழைய ஆலை நிலங்களில் எழும் வணிக வளாகங்கள் ஒவ்வொன்றிலும் குறைந்த வாடகைக்கு ஒரு மெஸ்ஸுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்று மாநகராட்சியிடம் கேட்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.