வாங்காமல் கிடைத்த ஆள்

"மாமா, இந்த சம்மருக்கு செல்சிக்கு யாரெல்லாம் வர்றாங்கன்னு பாருங்க."

காலையிலேயே அக்கா மகன் வாட்ஸாப்பில் ஒரு பட்டியல், லண்டன் ஃபுட்பால் கிளப் செல்சி வாங்கப்போகும் ஆட்டக்காரர்களாம். எல்லாம் வதந்திதான், ஆனால் ஒவ்வொரு பேருக்கு நேரேயும் கோடிகளில் ஒரு விலை.

விக்டர் மோசஸ் என்று மட்டும் பதில் போட்டேன்.

"யாரு மாமா அது?"

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அப்போ பயல் எல்கேஜி.

2016 செப்டம்பர் 24. ஆர்சனலின் மைதானம் எமிரேட்ஸில் முதல் பாதியிலேயே செல்சிக்கு எதிராக ஆர்சனல் மூன்று கோல். இரண்டாம் பாதியில் செல்சி கோச் அன்டோனியோ கோன்டே, ஃபாப்ரிகாஸை வெளியே எடுத்து மார்கோஸ் அலோன்சோவை இறக்கினார். பின்வரிசையில் நாலு பேருக்குப் பதில் மூன்று பேர். அந்த மேட்ச் போனது போனதுதான். ஆனால் அடுத்த மேட்ச்சில் ஹல் சிட்டிக்கு எதிராக முதல் நிமிடத்திலிருந்தே 3-4-3, அதாவது பின்னால் மூன்று, நடுவே நாலு, முன்னால் மூன்று. அங்கிருந்து பிரீமியர் லீக்கில் வரிசையாக 13 வெற்றி. கடைசியில் 93 புள்ளியோடு கோப்பை.

இந்த ஆட்டத்துக்கு வலது ஓரம் முழுக்க மேலும் கீழும் ஓட ஒருத்தர் வேணும். லிவர்பூல், ஸ்டோக், வெஸ்ட் ஹாம்னு மூன்று சீசன் லோனில், அதாவது வேறு கிளப்களுக்கு இரவலாக, அலைந்து திரும்பிய மோசஸ்தான் அந்த ஆள். அவருக்குப் பின்னால், அதுவரை ஓரத்தில் ஃபுல்பேக்காக ஆடிய அஸ்பிலிகுவேட்டா, அந்த மூவரில் ஒருவராக சென்டர் பேக். அந்த சீசன் லீக்கில் ஒரு நிமிடம்கூட அஸ்பிலிகுவேட்டாவை வெளியே எடுக்கவில்லை!

காசு இறைக்காமலும் இல்லை. மிட்ஃபீல்டர் என்கோலோ கான்டே அந்தக் கோடையில் வந்தவர்தான். டிஃபென்டர் டேவிட் லூயிஸும் ஆள் வாங்கும் கெடுவின் கடைசி நாளில் திரும்ப வந்தார். நாலு பேர் வரிசையில் அவரை நிறுத்தினால் நமக்கு நெஞ்சு படபடக்கும். மூவரில் நடுவே நிறுத்தியதும் மனுஷன் ஜம்முனு ஆடினார்.